பட்டியலின் முதற்பெயரும் கடைசிப் பெயரும்

(பிளஸ் ஒன், பிளஸ் டூ பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நமது ஜமாஅத் நிர்வாகக் குழு ஏற்பாடு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் மத்ரஸாவில் ஓதி வந்தவர்கள். பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் மனத்திற்குள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனினும் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல், ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் நம் முன்னே வந்து அமரும் பெற்றோர்கள் மார்க்கச் சட்டம் கேட்க வருவதில்லை. "ஹஜ்ரத், பிள்ளையை எங்கே சேர்ப்பது?" என்றே கேட்கிறார்கள். துஆச் செய்கிறோம். ஆனால் கேட்டவருக்கு விவரமும் தேவைப்படுகிறது. அதனால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடமும், கல்லூரிப் பேராசிரியர்களிடமும், கலந்தாய்வில் கலந்துகொண்ட நம் ஊர் இளைஞர்களிடமும் விசாரித்து, அரசு வெளியிடும் விளக்கக் கையேடுகளையும் படித்து அறிந்தவற்றை இங்கே வைக்கிறோம்.

"நல்ல காலேஜ் எது?" என்று ஒரே வரியில் கேட்டு, ஒரே பெயரில் விடையை எதிர்பார்க்கிறார்கள். அப்படியொரு பெயர் யாரிடமும் இல்லை. எட்டோ பத்தோ பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலே அதற்கு விடையாக முடியும்.

நம் ஊரில் இரண்டு விதமான குடும்பங்களைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில், பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே ஒரே ஒரு கல்லூரியின் பெயரை உச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கிண்டி இல்லையேல் ஒன்றுமில்லை. மருத்துவம் இல்லையேல் படிப்பே இல்லை. இன்னொரு வீட்டில் பெயரே கிடையாது. "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். முடிவு வந்ததும், பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தானோ அங்கேயே ஒரு விண்ணப்பம். முதல் வீட்டார் ஏமாற்றத்தில் ஓராண்டை இழக்கிறார்கள். இரண்டாம் வீட்டார் மூன்று நான்கு ஆண்டுகளைப் பொருந்தாத இடத்தில் கழிக்கிறார்கள்.

இது பட்டு நெய்யும் ஊர். தறியில் ஏற்றியிருக்கும் பாவின் நீளத்தைப் பார்க்காமல் இத்தனை சேலை தருகிறேன் என்று வாக்களிக்கும் நெசவாளரை இங்கே காண முடியாது. பிள்ளையின் படிப்பு விஷயத்தில் மட்டும் நாம் பாவைப் பார்க்காமலே வாக்களித்துவிடுகிறோம்.

ஆகவே, பட்டியலுக்கு முன்னதாகத் தாளில் எழுத வேண்டியது பிள்ளையின் மதிப்பெண். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் வாங்கிய மதிப்பெண்களை உள்ளபடி எழுதுங்கள். "பப்ளிக் எக்ஸாமில் கூட்டி வாங்கிவிடுவான்" என்று பத்துப் பதினைந்தைச் சேர்த்து எழுதாதீர்கள். கூடி வந்தால் அல்ஹம்துலில்லாஹ். பட்டியலை அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

பொறியியலுக்கு எந்தக் கணக்கு என்பதில் படித்த பெற்றோர்களும் குழம்புகிறார்கள். 600க்கு எத்தனை என்று அங்கே பார்ப்பதில்லை. தமிழும் ஆங்கிலமும் அந்தக் கணக்கில் சேரா. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் 50க்குச் சுருக்கப்படும். மொத்தம் 200. ஒரு பிள்ளை கணிதத்தில் 82, இயற்பியலில் 74, வேதியியலில் 78 வாங்கினால் 82, 37, 39 ஆகக் கூடி 158 ஆகிறது. இதைத்தான் கட்ஆஃப் என்கிறார்கள். மொழிப்பாடங்களில் மிக உயர்ந்து மொத்தத்தில் 500ஐத் தாண்டிய பிள்ளைக்கும் கட்ஆஃப் குறைவாக இருக்கலாம். நம் தலைமுறையினர் எழுதிய நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் 2007 முதல் கிடையாது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு யோசனை சொல்ல வேண்டாம்.

கட்ஆஃப் தெரிந்தபின் அதை வைத்தே கல்லூரியைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் கூடிவிடும். கடினமான ஆண்டில் எல்லோருக்கும் குறையும். சென்ற ஆண்டு 158க்குக் கிடைத்த இடம் இவ்வாண்டு 158க்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தரவரிசை எண் அவ்வளவு ஏமாற்றாது. பொறியியல் கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு, எந்த மதிப்பெண் வரையிலும் எந்தத் தரவரிசை வரையிலும் இடம் கிடைத்தது என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்திருக்கிறது. தரவரிசை வெளியானதும், பிள்ளையின் எண்ணை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை கூறுவோர் பலரும் இதே அட்டவணையைத்தான் விரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இங்கே நம் சமுதாயத்திற்குரிய ஒரு செய்தி. தமிழக அரசு 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. நல்ல மதிப்பெண் பெற்ற முஸ்லிம் பிள்ளை பொதுப்பிரிவிலேயே இடம் பெறலாம். அங்கே இல்லையெனில் இந்த ஒதுக்கீட்டில் பார்ப்பார்கள். ஆனால் இதன் அளவை மனத்தில் கொள்ள வேண்டும். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் 3.5 விழுக்காடு என்பது இரண்டே இடம். அந்த இரண்டில் ஒன்றை எடுத்த பிள்ளை வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்த ஆண்டின் கடைசித் தரவரிசை முற்றிலும் மாறியிருக்கும். எனவே நம் பிரிவின் அட்டவணையைப் பார்க்கும்போது ஓராண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். மூன்றிலும் பிள்ளையின் எண் உள்ளே வருகிறதா, ஒன்றில் மட்டும் வருகிறதா, எதிலும் வரவில்லையா என்பதைக் கொண்டே அந்தக் கல்லூரியைப் பட்டியலில் எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம்.

இந்த ஒதுக்கீடு பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அன்சார், தக்கானி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லப்பை, மாப்பிளா, ஷேக், சையத் ஆகிய ஏழும் அரசின் பட்டியலில் உள்ளன. லப்பை வகுப்பார் வீட்டில் தமிழ் பேசினாலும் உருது பேசினாலும் ஒன்றே. சான்றிதழில் இவற்றுள் ஒன்று எழுதப்பட்டிருக்கிறதா, பிள்ளையின் பெயரும் தகப்பனார் பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே அதிலும் இருக்கின்றனவா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். 'முஹம்மது' என்பதை ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் எழுதி வைத்து, கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்திற்கு நடையாய் நடப்போர் நம்மில் ஏராளம்.

இனிப் பட்டியல். அதை மூன்று பகுதியாக எழுதச் சொல்கிறோம். எட்டிப்பிடிக்க வேண்டியவை சில. கைக்கு எட்டுபவை சில. கையிலேயே இருப்பவை சில. மூன்றாண்டு அட்டவணையிலும் பிள்ளையின் எண்ணுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்ட கல்லூரி முதல் பகுதி. கிடைத்த ஆண்டும் உண்டு, கிடைக்காத ஆண்டும் உண்டு என்றால் அது நடுப்பகுதி. மூன்றாண்டும் தாராளமாகக் கிடைத்திருந்தால் அது கையிலிருப்பது.

இந்த மூன்றாம் பகுதியில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். அதை வெட்கப்பட வேண்டிய பகுதியாக எண்ணி, ஏதோ இரண்டு பெயர்களை அக்கறையின்றி எழுதிவைக்கிறார்கள். கடைசியில் அதுவே கிடைத்துவிட்டால் பிள்ளை போக மறுக்கிறது, தகப்பனார் கோபிக்கிறார், வீட்டில் ஒரு மாதம் சோறு இறங்குவதில்லை. கடைசிப் பெயரைத்தான் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளை மனமொப்பிப் போகக்கூடிய கல்லூரி, கட்டணம் நம்மால் கட்டக்கூடியது, இடம் ஏறத்தாழ உறுதி. இம்மூன்றும் ஒத்துவரும் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்படி இரண்டு பெயர்கள் கிடைத்துவிட்டால் மேலே எத்தனை பெரிய பெயரை வேண்டுமானாலும் துணிந்து எழுதலாம்.

மேலே எழுதுவது பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. "கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிற கல்லூரியும் போய்விடும்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் அவ்வாறு நடப்பதில்லை. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் முறை வரும்போது, அவர் தந்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் எஞ்சியிருக்கும் முதல் விருப்பத்தை அவருக்கு ஒதுக்குகிறார்கள். முதற்பெயர் கிடைக்காவிட்டால் இரண்டாவது. அதுவும் இல்லையேல் மூன்றாவது. மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. ஆகவே உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் எழுதுங்கள். எத்தனை விருப்பங்களை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. ஐந்தாறு பெயர்களோடு நிறுத்திக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவதே உண்மையான ஆபத்து. அடுத்த சுற்றுக்குள் நல்ல பிரிவுகள் பல நிரம்பிவிடும். ஆனால் ஒரு போதும் போக விரும்பாத கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். எழுதினால் அது கிடைத்துவிடவும் கூடும்!

ஒதுக்கீடு வந்தபின், ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்காகக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்வது எனச் சில வழிகளைக் கொடுத்து, குறித்த நாளுக்குள் ஒன்றைத் தெரிவிக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் பிள்ளையும் தகப்பனாரும் ஊரில் இருக்க வேண்டும். திருமணம், ஜியாரத் எதுவாயினும் ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

எந்தெந்தப் பெயர்களை எழுதுவது? நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். நம் ஊர்த் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக ஆரணி பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. வீட்டு வாசலில் இருப்பதாலேயே அதைப் பட்டியலில் எழுதத் தயங்குவோரைப் பார்க்கிறோம். ஆண்டுக்கு விடுதிச் செலவே பெருந்தொகையாகும் இக்காலத்தில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி இருப்பது சிறிய நிஃமத்தா? வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரியும், மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. வேலூர் வி.ஐ.டி., சென்னை வண்டலூர் கிரசென்ட் போன்றவை பல்கலைக்கழக நிலையில் இருப்பவை. அவை இந்த அரசுக் கலந்தாய்வில் வாரா. தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது அதன் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காமல், அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிட்டு வந்திருக்கிறது.

எல்லோரும் கம்ப்யூட்டர் பிரிவையே கேட்பது ஒரு காய்ச்சலாகவே ஆகிவிட்டது. கணினியில் நாட்டமுள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். நாட்டமில்லாத பிள்ளையைப் பெயருக்காகத் தள்ளுவது வேண்டாம். நம் ஊரின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நூல், சாயம், வடிவமைப்பு, சந்தை ஆகியவற்றைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இங்கே கடை வைத்தவர்கள் எத்தனை பேர்? சென்னை ஏ.சி. டெக் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி., குமரகுரு கல்லூரிகளிலும் ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். சேலத்தில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் இவற்றுள் ஒன்றையாவது பட்டியலில் எழுதிப் பார்க்கட்டும்.

கலை, அறிவியல், வணிகவியல் படிப்போர் தொகையே நம்மில் அதிகம். ஆனால் அதற்குத்தான் யாரும் பட்டியல் போடுவதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் பொதுவாக விண்ணப்பிக்கும் முறை வந்துவிட்டது. செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றை இருந்த இடத்திலிருந்தே எழுதலாம். கட்டணம் மிகச் சொற்பம். ஆனால் உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளும் வேறுபடும். வேலூர் ஊரிசுக் கல்லூரி, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி, சென்னை நியூ காலேஜ், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி ஆகியவற்றின் தேதிகளை ஒரு தாளில் குறித்து வைத்தால்தான் தப்பாது. அரபியில் பட்டம் பெற விரும்பும் மத்ரஸா மாணவர்கள் பின்னிரண்டையும் கட்டாயம் விசாரிக்கட்டும்.

இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு கல்லூரி தொடங்கியவர்கள் தோல் வணிகத்தில் ஈடுபட்ட நம் சமுதாயத்தார்தாம். சென்னையிலும் திருச்சியிலும் 1951ஆம் ஆண்டு இரண்டு கல்லூரிகள் எழுந்தன. மேல்விஷாரத்தில் 1965ஆம் ஆண்டு, வள்ளல் அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்களின் பெயரால் கல்லூரி பிறந்தது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் முன்னோர் வைத்துவிட்டுச் சென்ற இடம் அது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே பேச வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நம் ஊரில் முன்னே நிற்பவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுடைய பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால், "தூரமாக அனுப்ப மனமில்லை, வீட்டிலிருக்கட்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். தூரம் பற்றிய அச்சத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. நமக்கும் பெண் மக்கள் உண்டு. ஆனால் அச்சத்திற்கு விடை பட்டியலை நீட்டுவதில் இருக்கிறது. மேல்விஷாரத்தில் மகளிர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வேலூரில் டி.கே.எம். மகளிர் கல்லூரி, காட்பாடியில் ஆக்சீலியம், வாணியம்பாடியில் இஸ்லாமியா மகளிர் கல்லூரி இருக்கின்றன. விடுதியில் தங்கவைக்க இயலுமானால் சென்னையில் நீதிபதி பஷீர் அஹமது சயீத் மகளிர் கல்லூரியும் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. ஒரே தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒரே கல்லூரியில் சேர்ந்தால் ஒரே பஸ்ஸில் போய்வருவார்கள். தாய்மார்கள் இதைத் தங்களுக்குள் இப்போதே பேசிவைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பட்டியலில் பொதுவான ஒரு பெயரையாவது சேர்த்துவிட்டால் தூரம் பாதியாகிவிடும்.

இனிப் பணம். இதைப் பற்றிப் பேசும்போது நமக்கு மனவேதனை மிகுகிறது. தேர்வே முடிவதற்குள் முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் இரண்டே சீட்டு மிச்சம், இன்று அட்வான்ஸ் கொடுத்தால் உங்களுக்கு" என்கிறார்கள். வீட்டிலுள்ள நகை அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு தேர்வு முடிவு வருகிறது. அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அதே கல்லூரியில், அதே பிரிவில், அரசுக் கலந்தாய்விலேயே இடம் கிடைத்திருக்கும் என்று தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் பல கல்லூரிகளில் இடங்கள் நிரம்பாமல் கிடக்கும் நாட்டில், இரண்டே சீட்டு மிச்சம் என்ற சொல்லை நம்பலாமா?

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மையினர் கல்லூரியாயின் 50 விழுக்காடும் மற்றவையாயின் 65 விழுக்காடும் அரசுக் கலந்தாய்வுக்கு வர வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு, கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை என்று 2010ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இதில் சேரமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவையும் கைநழுவ விட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பானேன்? நன்கொடை என்ற பெயரில் கட்டணத்திற்கு மேல் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. எந்த முகவரிடமும் அசலைக் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓராண்டுச் செலவை எழுதுங்கள். கல்விக் கட்டணம் மட்டும் போதாது. பஸ், விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம் அனைத்தையும் எழுதி நான்கால் பெருக்குங்கள். வட்டிக் கடன் வாங்கலாமா என்று நம்மிடம் மஸ்அலா கேட்போர் பலர். பெருக்கிப் பார்த்த பின் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே எழாது என்பது நம் எண்ணம். கொஞ்சம் குறைகிறது என்றால் பைத்துல்மால் இருக்கிறது. ஆனால் "சேர்த்துவிட்டோம், மூன்று நாளில் பணம் வேண்டும்" என்று வருவதைவிட, இந்தப் பட்டியலோடு முன்கூட்டியே வந்தால் குழுவினரும் ஏற்பாடு செய்ய இயலும்.

சில படிப்புகளுக்குப் பிளஸ் டூ முடிவு வருமுன்பே விண்ணப்பத் தேதி கடந்துவிடும். மருத்துவத்திற்கும் யுனானிக்கும் நீட், திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜே.இ.இ.; திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் தேர்வு. பிளஸ் ஒன் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே குறித்துக்கொள்ளட்டும். நீட் எழுதும் பிள்ளையும் மற்றொரு பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதென்றால், அதைக் கோபத்தில் முடிவு செய்யக் கூடாது. சென்ற முறை எத்தனை மதிப்பெண் குறைந்தது, அதை ஓராண்டில் கூட்ட முடியுமா என்று ஆசிரியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மதிப்பெண் மிகக் குறைந்த பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. தவறிய பாடத்தை உடனடித் துணைத் தேர்வில் அவ்வாண்டே எழுதலாம். பிளஸ் டூவில் உரிய பாடங்களைப் படித்துத் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. இருக்கிறது. செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளில் பயிற்சி பெற்ற கைகளுக்கு வேலை இருக்கிறது.

கடைசியாக, பட்டியலை யார் எழுதுவது? பிள்ளைதான் எழுத வேண்டும். தகப்பனார் செலவுக் கணக்கை எழுதட்டும், தாயார் தூரத்தைச் சொல்லட்டும். பெயர்களைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். மூவரும் உட்கார்ந்து மஷ்வரா செய்யுங்கள். மாமாவும் சித்தப்பாவும் துபாயிலிருந்து போனில் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொள்ளலாம்; அவர்களுடைய பிள்ளைக்கு வாய்த்தது நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதில்லை. இஸ்திகாராத் தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். ஆகுமான காரியங்களில் எது நன்மையோ அதை அல்லாஹ்விடம் கேட்பது அது. கேட்பதற்கு முன் காரியங்கள் நம் முன்னே விவரமாக இருக்க வேண்டாமா? பட்டியலை எழுதி முடித்துவிட்டுத் தொழுங்கள்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளிலிருந்து பத்து நாட்களுக்கு, இஷாவுக்குப் பின் மத்ரஸா கட்டடத்தில் இணைய வசதியோடு நம் இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். விண்ணப்பம் பதிவது இலவசம். பெண் பிள்ளைகளுக்கு மாலை அஸருக்குப் பின் தனி நேரம். ஆசிரியையாகப் பணிபுரியும் நம் ஜமாஅத்துச் சகோதரிகள் உதவுவார்கள். வருபவர்கள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்களையும், ஓ.டி.பி. வரும் கைப்பேசியையும், பிள்ளை தன் கையால் எழுதிய அந்தத் தாளையும் கொண்டுவர வேண்டும். தாள் இல்லாமல் வருபவரை நாம் திருப்பியனுப்ப மாட்டோம். பக்கத்து அறையில் உட்காரவைத்து எழுதச் சொல்வோம்.

வஸ்ஸலாம்.